அவரைக் கொல்லையில் எடுத்த நாலு ஈ படங்கள்: பெயர் கண்டுபிடிக்க முடியுமா?

ஒடுகத்தூர் கொல்லை கேட்டது:

வணக்கம். ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. இந்தப் பட்டத்தில் அவரையும் முள்ளுக்கத்திரியும் போட்டிருக்கிறோம். வரப்போரம் தூவின கொத்தமல்லியை அறுக்காமல் விட்டதில் இப்போது வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. காலையில் அந்தப் பூ மேல் ஒரே ஈக்கூட்டம். தேனீதான் என்று கிட்டப் போனால் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது, சட்டென்று ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி நிற்கிறது. இது சிர்ஃபிட் ஈ என்று தேடித் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் நகர முடியவில்லை.

செல்போனில் கிளிப் லென்ஸ் மாட்டி எடுத்த நாலு படம் போட்டிருக்கிறேன். முதல் படம் கொத்தமல்லிப் பூவில் இருந்தது: ஒல்லி உடம்பு, கறுப்பும் மஞ்சளும், மேலிருந்து எடுத்தது. இரண்டாவது, மாட்டுக்கொட்டாய் சாக்கடையை ஒட்டி இருக்கும் துலுக்க சாமந்தியில்: பெரிய ஈ, கண் முழுக்கப் புள்ளி. மூன்றாவது துளசியில்: சாம்பல் நிறம், கண்ணில் கோடு கோடாக இருக்கிறது, மூக்கு நீட்டின மாதிரி முகம். நாலாவது ரொம்பச் சின்னது, வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் உட்கார்ந்திருந்தது, வயிற்றில் பாதி சிவப்பு.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிற செயலியில் போட்டால் ஒரே ஈக்கு மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பெயர், பக்கவாட்டில் எடுத்ததில் வேறு பெயர் காட்டுகிறது. தேடிப் பார்த்தால் அவை ஐரோப்பாவில் இருக்கிறவை. படத்தை வைத்துப் பெயரை உறுதியாகச் சொல்ல வழி உண்டா, எதைப் பார்த்துச் சொல்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவரைக் கொடியில் நுனியெல்லாம் கறுப்பு அசுவினி. அதற்கு நடுவில் பச்சையாக, காலில்லாத ஒரு புழு நெளிகிறது. பக்கத்துக் கொல்லை சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு, புழுவும் வந்துவிட்டது, சனிக்கிழமை மருந்தடித்துவிடலாம் என்கிறார். அடிக்கலாமா?

---

விரிஞ்சிபுரம் பச்சை பதில்:

அக்கா, கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே சொல்கிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் படிக்க வேண்டும். மருந்து அடிக்க வேண்டாம். அந்தப் புழு அவரையைத் தின்பதில்லை, அசுவினியைத் தின்கிறது. நீங்கள் படம் பிடித்த ஈயின் குஞ்சுதான் அது. அந்துப்பூச்சிப் புழுவுக்குக் கெட்டியான தலை இருக்கும், முன்னால் மூன்று ஜோடி கால் இருக்கும். இதற்கு இரண்டும் கிடையாது. முன்பக்கம் குறுகி, பின்பக்கம் தடித்து இருக்கும். குறுகின முனையைத் தூக்கி இப்படியும் அப்படியும் துழாவும், அசுவினி தட்டுப்பட்டதும் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலை மட்டும் விட்டுவிடும். ஒரு புழு முழுதாக வளர்வதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் லென்ஸில் பத்து நிமிடம் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது எடுபடும்.

அசுவினி மொய்த்துக் கிடக்கிற நுனிகளைக் கிள்ளிப் போடுங்கள், மற்றதில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். புழு இருக்கிற கொத்தை மட்டும் தொடாதீர்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் நடுநடுவே காராமணி விடுவதிலும் இந்த லாபம் உண்டு. காராமணியில் அசுவினி முதலில் ஏறும், அதைத் தேடி இந்த ஈயும் பொறிவண்டும் வந்து சேரும்.

பெயர் கண்டுபிடிக்கிற விஷயம் எனக்கு எட்டாது. அதற்கு இங்கே ஐயா இருக்கிறார்.

---

சத்துவாச்சாரி ஊசிப்பெட்டி பதில்:

அம்மா, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பூச்சிக்கு ஊசி குத்துவது, இறக்கை விரித்து வைப்பது, ஊரும் தேதியும் எழுதி லேபிள் செருகுவது, அந்துருண்டை மாற்றுவது, இதுதான் என் வேலை. பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். பெட்டிகள் கடைசிவரை என் பொறுப்பில் இருந்தன. ஈக்களில் எனக்குப் பிடித்தமானது இந்தக் குடும்பம். உலகத்தில் சுமார் 6,000 இனம் பெயரிடப்பட்டிருக்கிறது, இந்தியாவில் மட்டும் 300-க்கு மேல்.

மூன்றாவது படத்தை முதலில் எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவோம். அது சிர்ஃபிட் ஈ இல்லை. ஸ்டோமோரைனா என்ற பேரினம் (நெருங்கின இனங்கள் சேர்ந்த கூட்டம்), நீல ஈக்களுக்கு உறவு. கோடு போட்ட கண், பூவில் தேன் குடிக்கிற பழக்கம் இரண்டையும் பார்த்துவிட்டு எல்லோரும் இதைச் சிர்ஃபிட் ஈ பக்கம் சேர்த்துவிடுகிறார்கள். மார்பைப் பாருங்கள், தடித்த கறுப்பு முள்மயிர்கள் வரிசையாகக் குத்திட்டு நிற்கின்றன. சிர்ஃபிட் ஈயின் மார்பில் பெரும்பாலும் மெல்லிய பூமயிர்தான் இருக்கும். நீங்கள் சொன்ன அந்த நீட்டின மூக்கும் ஸ்டோமோரைனாவுக்கு உரியதுதான்.

இனி இது சிர்ஃபிட் ஈதானா என்று சந்தேகம் வந்தால் இறக்கைக்குப் போய்விடுங்கள். இறக்கை நடுவில் நீளவாக்கில் ஒரு நரம்பு ஓடும். மற்ற நரம்புகள் எல்லாம் எங்கேயாவது போய்ச் சேரும். இது மட்டும் எதிலும் சேராமல், எங்கோ தொடங்கி எங்கோ நின்றுவிடும். போலி நரம்பு என்று சொல்லலாம், லத்தீனில் வீனா ஸ்பூரியா. ஒரு சில வகைகளில் மங்கலாக இருக்கும், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கூடவே இறக்கையின் வெளி ஓரத்தைப் பாருங்கள். குறுக்கு நரம்புகள் ஓரத்துக்கு இணையாக ஓடி, உள்ளே இன்னொரு ஓரம் கட்டின மாதிரி தெரியும். இறக்கை வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும்படி நின்று எடுத்தால் செல்போனிலேயே இரண்டும் விழும். உங்கள் இரண்டாவது படத்தில் வலது இறக்கையில் போலி நரம்பு நன்றாகவே தெரிகிறது.

அந்த இரண்டாவது படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம். கண்ணில் புள்ளி இருப்பதால் எரிஸ்டாலினஸ் பேரினம். இறக்கையும் அதையே சொல்கிறது. முன்விளிம்பிலிருந்து எண்ணி வந்தால் ஒரு நரம்பு பாதி வழியில் கீழே இறங்கி ஒரு குழிவு விட்டு மேலேறுகிறது பாருங்கள், சாக்கடையிலும் குட்டையிலும் வளர்கிற இந்தக் கூட்டத்துக்கு அது பொது. அதற்கு மேலே விளிம்பை ஒட்டி இருக்கிற அறை, விளிம்பைத் தொடுவதற்கு முன்பே மூடிக்கொள்கிறது. அது விளிம்பு வரை திறந்திருந்து, கண்ணும் புள்ளியில்லாமல் இருந்தால் மெசெம்ப்ரியஸ் என்ற வேறு பேரினம். அதுவும் இதே சாக்கடையோரம்தான் வரும், மார்பில் இதே மாதிரி கோடும் இருக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் கிடைத்ததில் வியப்பில்லை. இதன் புழு கழிவுநீரில் வாழும், பின்னால் வால் மாதிரி ஒரு குழாயை நீட்டித் தண்ணீருக்கு மேலே மூச்சுவிடும். சாணித் தண்ணீர் தேங்கின இடத்தைக் கிளறிப் பாருங்கள், இருக்கும்.

இனம்? மார்பில் மஞ்சள் கோடு இவ்வளவு தெளிவாக இருப்பதால் எரிஸ்டாலினஸ் ஆர்வோரம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் 1787-லேயே பெயர் வைத்த பழைய இனம், நம் நாட்டில் பரவலாக இருப்பது. ஆனால் கோடு போட்ட மார்பு இந்த ஒன்றுக்கு மட்டும் சொந்தமில்லை. முகத்தை நேரே எடுத்த படமும், வயிற்றை முழுக்கக் காட்டுகிற படமும் இல்லாமல் நான் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

முதல் படம் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனது சொல்கிறது. மார்பின் இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று மஞ்சள் பட்டை, மார்புக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தட்டும் மஞ்சள், பக்கத்தில் அவரைக் கொடியில் அசுவினி. எல்லாம் பொருந்துகிறது. இரண்டு கண்ணும் நடுவில் ஒட்டியிருப்பதால் ஆண். அதுதான் நமக்கு அதிர்ஷ்டம். இஸ்கியோடான் ஆணுக்குப் பின்னங்கால் உடம்போடு சேருகிற இடத்தில், தொடைக்கு முந்தின குட்டைக் கணுவில், நீளமாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் போலவே ஒல்லியாக, மஞ்சள் பட்டையோடு இருக்கும் ஸ்ஃபேரோஃபோரியா ஆணுக்கு அந்த முள் கிடையாது. அதற்கு வயிற்று நுனியில் பெரிய உருண்டை இருக்கும். உங்கள் படத்தில் கால் பூவுக்குள் புதைந்துவிட்டது. மேலிருந்து எடுத்தால் படம் அழகாக வரும், ஆனால் நமக்கு வேண்டிய கால் தெரியாது. பக்கவாட்டில், பூவின் மட்டத்துக்குக் குனிந்து ஒரு படம் எடுங்கள், போதும்.

நாலாவது குட்டி ஈ பாராகஸ். நாலைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், பலர் கண்ணிலேயே படாது. அதன் கண்ணை முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், வெள்ளை மயிர் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இருக்கிறதா? மார்புக்குப் பின்னால் இருக்கும் தட்டின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பாராகஸில் ஒரு பிரிவுக்குள் வந்துவிட்டோம். அங்கிருந்து இனத்துக்குப் போக ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்தால் ஆகாது. பாராகஸ் என்று எழுதி அங்கேயே நிறுத்துங்கள். இப்படி நிறுத்துவதில் குறைவு எதுவும் இல்லை. நான் ஊசி குத்தின பெட்டிகளிலும் பேரினம் மட்டும் எழுதின லேபிள்கள் நிறைய உண்டு, பின்னால் வந்து பார்த்தவர்களுக்கு அவைதான் அதிகம் பயன்பட்டன. அவசரத்தில் இனப்பெயர் எழுதின லேபிளை நம்பி ஒருவர் ஏமாந்தால், அவரை நம்பி இன்னும் பத்துப் பேர் ஏமாறுவார்கள்.

அப்புறம் செயலி. ஐரோப்பாவில் இந்த ஈக்களைப் படம் எடுப்பவர்கள் அதிகம், அது கற்றுக்கொண்டதும் அந்தப் படங்களில்தான். அதனால் மஞ்சள் பட்டை போட்ட எதைக் காட்டினாலும் எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ் என்று சொல்லும். அந்த இனம் இந்தியாவிலும் உண்டு. ஆனால் நம் பக்கம் எபிசிர்ஃபஸ் விரிடாரியஸ் என்ற இன்னொன்றும் இருக்கிறது. பட்டையின் தடிப்பை அளந்து பெயர் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையும் நம்பாதீர்கள். பால்டியாட்டஸில் கூட்டுப்புழு குளிரில் வளர்ந்தால் ஈயில் கறுப்பு கூடுகிறது, வெயிலில் வளர்ந்தால் குறைகிறது. இது சோதித்து அறிந்த விஷயம். மார்கழியில் மலை மேல் எடுத்த ஈயும் அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியில் எடுத்த ஈயும் ஒரே இனமாக இருந்தும் வேறு வேறாகத் தெரியலாம்.

படத்துக்கு என்று ஒரு பெருமை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஊசியில் காய்ந்த ஈயில் மஞ்சள் எல்லாம் பழுப்பாகிவிடும். இந்தப் புள்ளிக் கண்ணை இவ்வளவு பளபளப்போடு எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

---

அமிர்தி நடை பதில்:

ஐயா சொன்னதைப் படித்ததும் என் படம் ஒன்றையும் போட வேண்டும் போலிருந்தது. அமிர்தியில் ஓடையோர நிழலில் எடுத்தது. இடுப்பு நூலாக மெலிந்து நுனியில் தடித்திருக்கிறது. குளவி என்று நினைத்துப் பல நாள் அப்படியே வைத்திருந்தேன். ஆனால் உணர்கொம்பு குட்டையாக இருக்கிறது, இறக்கையும் ஒரே ஜோடி. இதுவும் சிர்ஃபிட் ஈயா சார்?

---

சத்துவாச்சாரி ஊசிப்பெட்டி பதில்:

ஆமாம் தம்பி, சரியான இரண்டு இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். குளவிக்கு இரண்டு ஜோடி இறக்கை, நீண்ட கொம்பு. இது ஆலோபாக்கா கூட்டத்தைச் சேர்ந்தது. வெயிலுக்கு வராது, மரநிழலில், செடிகளுக்கு நடுவே மெதுவாக மிதந்து போகும். அதனால்தான் கொல்லையில் படம் எடுப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. இறக்கையில் கறை எங்கே இருக்கிறது, முழுக்கவா நுனியிலா என்று தெரிகிற படம் இருந்தால் அனுப்புங்கள். ஏலகிரிக்குப் போனால் அசார்கினா என்ற இன்னொரு சிர்ஃபிட் ஈயையும் தேடிப் பாருங்கள். அகலமான தட்டை வயிறு, ஆரஞ்சு நிறம், குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு. பார்த்தால் விட மனது வராது.

பழைய நூல் வேண்டுமானால் புருனெட்டி 1923-ல் எழுதின இந்திய ஈக்கள் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர்கள் நிறைய மாறிவிட்டன, இன்று எரிஸ்டாலினஸ் என்று சொல்வதெல்லாம் அதில் எரிஸ்டாலிஸ் என்றுதான் இருக்கும். ஆனால் ஈயை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள அது இன்றைக்கும் நல்ல நூல்.

---

ஒடுகத்தூர் கொல்லை பதில்:

ஐயா, விரிஞ்சிபுரம் தங்கச்சி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாவுக்கு லென்ஸில் காட்டினேன். புழு ஒரு அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, சரி, இந்த வாரம் அடிக்க வேண்டாம் என்றார். அவர் கொல்லையிலும் இருக்கிறதா என்று இப்போது அவரே தேடுகிறார்.

பக்கவாட்டுப் படம் எடுக்க மூன்று காலை போனேன். வெயில் ஏறினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. பனி காய்வதற்கு முன்னால் போனபோது இலை மேல் குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தது, அப்போது எடுத்ததுதான் இது. பின்னங்கால் அடியில் முள் தெரிகிறதா, இல்லை எனக்கு ஆசையில் அப்படித் தோன்றுகிறதா?

புழுவையும் வளர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எப்படி வைப்பது?

---

சத்துவாச்சாரி ஊசிப்பெட்டி பதில்:

முள் இருக்கிறது அம்மா. சந்தேகமே இல்லை, இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ், ஆண். இந்தப் படத்தைத் தேதியோடும் ஊரோடும் உயிரினப் படங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள், மேலிருந்து எடுத்ததையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து இப்படிக் கால் தெரிகிற படங்கள் அதிகம் வர வேண்டும்.

வளர்ப்பது சுலபம். வாய் அகலமான கண்ணாடிப் புட்டி, வாயில் பழைய வேட்டித் துணி கட்டி ரப்பர் போடுங்கள். ஒரு புட்டிக்கு ஒரு புழு மட்டும், பசித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அசுவினியோடு அவரை நுனியைத் தினமும் புதிதாக வையுங்கள், பழசை எடுப்பதற்கு முன் புழு அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. சில நாளில் தின்பதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் உருண்டும் மறு பக்கம் குறுகியும் இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்ளும். அதுதான் கூட்டுப்புழு, அதை நகர்த்தாதீர்கள். ஈ வெளியே வந்ததும் படம் எடுக்க அவசரப்படாதீர்கள், முதலில் நிறம் வெளிறியிருக்கும். இறக்கை விரிந்து நிறம் ஏறின பிறகு, கண்ணாடி வழியாகவே எல்லாப் பக்கமும் எடுத்துவிட்டு, கொத்தமல்லியில் விட்டுவிடுங்கள். புழு, கூடு, ஈ மூன்றும் ஒரே புட்டியில் எடுத்த படம் என்றால் அதற்கு மதிப்பே தனி.

ஈக்குப் பதிலாகக் கூட்டிலிருந்து ஒரு சின்னக் குளவி வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னங்காலில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்றும் பட்டையாக இருந்தால் டிப்ளாசான் லேட்டடோரியஸ் ஆக இருக்கலாம். சிர்ஃபிட் ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு வாழ்வது. அந்தப் படத்தையும் இங்கேயே போடுங்கள். கொடியில் முட்டையையும் தேடிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் ஓரத்தில், குறுநொய் போல வெள்ளையாக, ஒற்றை ஒற்றையாக ஒட்டியிருக்கும். கிள்ளிப் போடுகிற நுனியில் அது இருந்தால் அந்த நுனியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் சித்தப்பாவிடம்.